அஞ்சலாட்சி அக்கா தூங்கிய பாறை

செய்தி வந்தபோது நான் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு தட்டு நிறையக் கிளிகள். எல்லாவற்றுக்கும் ஒரு கண் போட்டாகிவிட்டது, மறு கண் போட வேண்டியதுதான் பாக்கி. எங்களோடு வேலை பார்க்கும் மலர் அன்று லீவு. அவள்தான் போனில் கூப்பிட்டாள். “அக்கா போயிடுச்சு வசந்தா” என்றாள். அஞ்சலாட்சி அக்கா காய்ச்சல் என்று வேலைக்கு வராமல் இருந்த வாரம் அது. “எங்க, ஆஸ்பத்திரிக்கா? கூட யாரு போயிருக்காங்க?” என்று கேட்டேன். அந்தப் பக்கம் மலர் வாய்விட்டு அழுத பிறகுதான் எனக்கு விளங்கியது. கையில் இருந்த கிளிக்கு மட்டும் இன்னொரு கண்ணை எழுதி முடித்துவிட்டு எழுந்தேன். மற்றதெல்லாம் அப்படியே கிடந்தது.

விருத்தாசலத்தில் பீங்கான் யூனிட்டுகளில் வேலை பார்க்கிறவர்கள், வேலை பார்த்துவிட்டு நின்றவர்கள், மண் ஏற்றி வரும் லாரிக்காரர்கள், எல்லாருக்கும் அக்காவைத் தெரியும். அதனால் அந்த வீட்டில் கூட்டத்துக்குக் குறைவில்லை. வந்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். ஆனால் ஒருவர் விடாமல் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி கண்ணை மூடிய அக்காவுக்கு, சாயங்காலம் மகள் டீ கொண்டுவந்து வைத்தபோது உயிர் இல்லை. “அவ்ளோ நேரமா எழுந்திருக்கலைன்னா எழுப்பிப் பாக்க மாட்டியா?” என்பதுதான் அந்தக் கேள்வி. அக்காவின் மகள் சங்கீதா ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். “அம்மா எப்பவும் தானா எழுந்துக்கும்ங்க. அதான் வுட்டுட்டேன்.” சொல்லச் சொல்ல அவள் குரல் தேய்ந்துகொண்டே போனது. தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிட்டது, எழுப்பியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னதை அவள் நம்பவில்லை. சாவு வீட்டில் கேட்பதற்கு நம்மிடம் வேறு கேள்வியே இல்லையா? எனக்கு அலுத்துப்போய்விட்டது. அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் படிக்க வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அக்காவுக்கு வார்ப்பு வேலை. களிமண்ணைக் கரைத்த கலவையைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, மண் அதன் உட்சுவரில் பிடிக்கும். மிச்சக் கலவையைக் கவிழ்த்து எடுத்துவிட்டு, பிடித்த மண் இறுகும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு அச்சைப் பிரித்தால் பொம்மை தொய்ந்து உட்கார்ந்துவிடும். நேரம் தாண்டினால் விரிசல் விடும். அக்கா கையில் தொய்ந்ததும் இல்லை, விரிந்ததும் இல்லை என்று சொன்னால் அது பொய். நிறையவே உடைத்திருக்கிறார். உடைந்ததைத் திரும்பக் கரைக்கும் தொட்டியில் போட்டுவிட்டு, “போ, மறுபடியும் பொறந்து வா” என்று சொல்லிவிட்டு அடுத்த அச்சை எடுப்பார். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை.

“இறுகட்டும்” என்பது அவர் வாயில் எப்போதும் இருந்த வார்த்தை. அச்சுக்கு மட்டும் அல்ல, எல்லாவற்றுக்கும். பஸ்ஸில் கூட்டமா, இறுகட்டும். மகளுக்கும் மருமகனுக்கும் சண்டையா, இறுகட்டும். சங்கீதாவைப் பெண் பார்க்கப் பெண்ணாடத்திலிருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. மாப்பிள்ளையின் பெரியப்பா வெளியே கிளம்பும்போது, “நல்ல நேரம் முடியப் போவுது, இப்பவே ஒரு வார்த்த சொல்லிடுங்க” என்று நின்றார். அக்கா நிதானமாக, “கொஞ்சம் இறுகட்டும் இருங்க” என்றார். அந்த மனிதர் உள்ளே ஏதோ அல்வா கிண்டுகிறார்கள் என்று நினைத்துத் திரும்பவும் பாயில் உட்கார்ந்துவிட்டார். அவரை எழுப்பி அனுப்ப இன்னொரு காபி போட வேண்டியதாயிற்று. அந்தச் சம்பந்தம் பிறகு நடந்தது. பெரியப்பாவை இன்றுவரை நாங்கள் அல்வாக்காரர் என்றுதான் சொல்கிறோம்.

மண் இறுகும் நேரத்தில் அக்கா தூங்குவார். கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் வாளியில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, உதட்டை இறுக மூடிக்கொண்டு. பக்கத்தில் மிக்ஸர் ஓடும், ரேடியோ பாடும், வாசலில் லாரி ஹாரன் அடிக்கும். எதுவும் அவரை அசைக்காது. ஆனால் மண் இறுகியதும் கண் திறந்துவிடும். கடிகாரம் கிடையாது, யாரும் கூப்பிடுவதும் கிடையாது. நேராக எழுந்து போய் அச்சைப் பிரிப்பார். புதிதாக வந்த பெண் ஒருத்தி ஒரு தடவை தோளைத் தொட்டு எழுப்பிவிட்டாள். நாங்கள் எல்லாரும் அவள்மேல் பாய்ந்தோம். “அக்காவ எழுப்பாத, அதுவா எழுந்துக்கும்” என்பது எங்கள் யூனிட்டில் சட்டம் மாதிரி. அதில் எங்களுக்கு ஒரு பெருமை வேறு. வெளியாட்கள் வந்தால் கூட்டிப்போய்க் காட்டக்கூடச் செய்வோம்.

மூன்று தை மாதங்களுக்கு முன்பு, பொங்கலுக்குச் சூளை அணைந்திருந்த நாட்களில், பெண்கள் எல்லாரும் சேர்ந்து வேன் பிடித்துக் கொல்லூர், உடுப்பி என்று கோயில் பார்க்கப் போனோம். உடுப்பியில் தரிசனம் முடிந்த மறுநாள் கையில் ஒரு பகல் மிச்சம் இருந்தது. வேன் டிரைவர் சொன்னார், “பக்கத்துல கடலுக்குள்ள ஒரு தீவு இருக்குதுக்கா. போட்ல போயிட்டு சாயந்திரத்துக்குள்ள வந்துடலாம்.” கால் வலி, குளித்த தலை காயவில்லை, துணி துவைக்க வேண்டும் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னோம். உண்மையில் எங்களுக்கு உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. அக்கா மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

“அங்க பஸ்ஸு லாரி ஓடுதா?”

“தீவுக்கா அது. சைக்கிளு கூட கெடையாது. வெறும் பாறதான்.”

“அப்ப போவலாம்.”

அக்கா வீடு இருப்பது ஜங்ஷனுக்குப் போகிற சாலையில். வாசலை ஒட்டி இரவும் பகலும் வண்டி ஓடும். கரும்பு வெட்டும் காலத்தில் டிராக்டர்களும் சேர்ந்துகொள்ளும். அதனால் அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. மலர்தான் முனகினாள், “கோயிலுக்கு வந்துட்டு பாறையப் பாக்கப் போறோமா?” அதற்கு அக்கா, “விருத்தாசலம்னா பழைய மலன்னு நம்ம ஊரு பேருலதான் மல இருக்குது. ஊருக்குள்ள ஏறி நிக்க ஒரு கல்லு இருக்குதா? இங்கயாச்சும் பாத்துட்டு வருவோம் வா” என்றார்.

படகில் பாட்டுச் சத்தம் காதைப் பிளந்தது. அக்கா முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டு, யாரையோ சாட்சிக்குக் கூப்பிடுவது மாதிரி என்னைப் பார்த்தார். பெரிய படகு தீவுக்குக் கிட்டே போகாது. நடுவில் சின்னப் படகுக்கு மாறினோம். கால் நனைந்து கரை ஏறியதும் படகு திரும்பிப் போய்விட்டது, பாட்டும் அதோடு போயிற்று. காற்று மட்டும் மிஞ்சியது. போனில் சிக்னல் இல்லை. சங்கீதாவிடம் பேச முடியாதே என்று நான் கவலைப்பட்டேன். “பேசி என்னா செய்யப் போறோம். அங்க கொழம்பு கொதிக்குதான்னு கேக்கப் போறோம்” என்று அக்கா போனைப் பையின் அடியில் போட்டார்.

அந்தத் தீவில் பாறைகள் பட்டை பட்டையாக, தூண் தூணாக நிற்கின்றன. கறுப்புத் தூண்களை வரிசையாக அடுக்கி நட்ட மாதிரி. நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒன்றையேதான் நினைத்தோம். சூளைக்குள் சரக்கு அடுக்கியது மாதிரி இருக்கிறது என்று மலர் வாய்விட்டுச் சொன்னாள். அக்கா சுற்றி வந்து பார்த்துவிட்டு, “அடுக்குனவனுக்கு வேல தெரியல. இடுக்கு வுடாம அடுக்குனா நெருப்பு எப்புடி உள்ள போவும்?” என்றார். ஆயிரம் மைல் தள்ளிப் போனாலும் யூனிட்டை விட்டு வர முடியாத ஜென்மங்கள் என்று நான் சிரித்தேன்.

தீவின் ஒரு கோடியில் கடல் உள்வாங்கியிருந்தது. பாசி படிந்த கற்களின்மேல் நடந்து இன்னொரு பெரிய பாறைக்குப் போகலாம். அங்கே ஆள் இல்லை. அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தார். தட்டையான இடம் பார்த்து, ஒரு தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். காவலுக்கு நின்ற ஆள் விசில் ஊதி, எங்களைப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். உள்ளங்கையைக் கீழிருந்து மேலே தூக்கித் தூக்கிக் காட்டினார். எங்களை எழுந்து நிற்கச் சொல்கிறார் என்று நினைத்து மலர் எழுந்து நின்றாள். தண்ணீர் ஏறும் என்று அவர் சொல்லியிருக்கிறார், அது பிறகுதான் விளங்கியது. எங்கள் ஊர் மணிமுத்தாற்றில் மணலை மட்டுமே பார்த்து வளர்ந்த எங்களுக்கு, ஒரே நாளில் வற்றி ஒரே நாளில் ஏறும் தண்ணீர் எங்கே தெரியும்?

நாங்கள் கிளிஞ்சல் பொறுக்கினோம், போட்டோ எடுத்தோம், நிழல் தேடி அலைந்தோம். படகுக்கு விசில் கேட்டதும் எல்லாரும் போய் வரிசையில் நின்றோம். “அக்கா எங்க?” என்று யாரோ கேட்டார்கள். “தூங்குது. அதுவா எழுந்து வந்துரும்” என்று மலர் சொன்னாள். எல்லாரும் தலையை ஆட்டினோம். நானும்தான் ஆட்டினேன். உலகத்தில் வேறு எந்தக் கூட்டமாக இருந்தாலும் ஓடிப்போய் எழுப்பியிருக்கும். நாங்கள் அக்காவின் தூக்கத்தை அவ்வளவு நம்பினோம். பாதிப் பேர் படகில் ஏறியும் ஆகிவிட்டது. அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். நடந்து போன கற்களைக் காணவில்லை. அக்கா இருந்த பாறையைச் சுற்றித் தண்ணீர்.

கத்தினோம். காற்று எங்கள் பக்கமாக அடித்ததால் குரல் எங்கள் முகத்திலேயே விழுந்தது. மலர் மார்பில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். காவலாளி முன்னால் இறங்க, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் இறங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது. முழங்காலில் தொடங்கி இடுப்புக்கு வந்தது தண்ணீர். புடவை காலைப் பின்னிக்கொண்டது. பயத்தில் நான் சாமியைக் கூப்பிடவில்லை, அக்காவைத்தான் திட்டிக்கொண்டே போனேன்.

பாறைமேல் ஏறிப் பார்த்தால் அக்கா தூங்குகிறார். வாய் திறந்திருக்கிறது. ஒரு கை மடியிலிருந்து நழுவித் தொங்குகிறது. தலை ஒரு பக்கம் சாய்ந்து, எச்சில் வழிந்து தோளை நனைத்திருக்கிறது. இத்தனை வருடத்தில் நான் அப்படி ஒரு அஞ்சலாட்சி அக்காவைப் பார்த்ததில்லை. கீழே அலை அடித்து அவர் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் போகிறது, அதுவும் தெரியவில்லை. எழுப்புவதற்கு முன்னால் ஒரு கணம் நின்றேன். எழுப்பவே மனம் இல்லை. காவலாளி ஊதுவதற்கு விசிலை வாயில் வைத்துவிட்டார். அவரைக் கையமர்த்திவிட்டு நான் தோளைத் தொட்டேன்.

கண்ணைத் திறந்து, “இறுகிடுச்சா?” என்றார்.

“கடலுக்கா இது. கடல்ல ஒக்காந்திருக்கீங்க.”

சுற்றிலும் ஒரு முறை பார்த்தார். பயந்த மாதிரியே இல்லை. கோபம்தான் வந்தது. “ஏண்டி எழுப்புன?” என்றார். அவ்வளவு கோபமாக அவர் என்னிடம் பேசியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. செருப்பு இரண்டும் கடலோடு போய்விட்டன. அவரை நடுவில் விட்டு நாங்கள் இருவரும் இரண்டு பக்கமும் பிடித்துக் கரை சேர்த்தோம்.

படகில் எல்லாரும் மாற்றி மாற்றித் திட்டினார்கள். அக்கா ஈரப் புடவையோடு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாட்டு மறுபடியும் அலற ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“நானா எழுந்துக்குறேன், நானா எழுந்துக்குறேன்னு எல்லாரும் பெருமையா சொல்றீங்களே. தூங்குனவதாண்டி எழுந்துக்கணும். நான் எங்க தூங்குனேன்? கண்ண மூடிக்கிட்டு, இறுகுதா இறுகுதான்னு காத வச்சிக்கிட்டுல்ல இருந்தேன்.”

“வூட்டுலயுமா?”

“வூட்டுல மட்டும்? பால் பொங்குதா, புள்ள அழுவுதா, வாசக் கேட்டு தொறக்குதா. எல்லாம் அதே காதுதான்.”

“அப்ப இன்னிக்கு?”

“இன்னிக்கு தூங்கிட்டேன்” என்றார். சொல்லும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. பிறகு, “இத சங்கீதா கிட்ட சொல்லிடாத. இன்னொரு தடவ வெளிய அனுப்ப மாட்டா” என்றார்.

நான் சொல்லவில்லை. அடுத்த வாரம் சூளை பற்றவைத்தோம். அக்கா பழையபடி வாளியில் உட்கார்ந்து, உதட்டை இறுக மூடிக்கொண்டார். எனக்குத்தான் அதைப் பார்க்க முடியவில்லை. எத்தனை வருடமாக ஒரு மனுஷி விழித்திருப்பதைத் தூக்கம் என்று ஊருக்குக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறோம்! ஒரு நாள் போய், “அக்கா, நான் அச்சப் பாத்துக்குறேன், நீங்க தூங்குங்க” என்று சொன்னேன். “நீ கண்ணு எழுதுற வேலையப் பாரு, இத இறுக வுட்டுக் கெடுத்துடுவ” என்று விரட்டினார். ஆனாலும் அதற்குப் பிறகு நான் பக்கத்தில் உட்கார்ந்து கிளிகளுக்குக் கண் எழுதும் நாட்களில், அவர் தலை கொஞ்சம் சாய்வதைப் பார்த்திருக்கிறேன். மறுபடியும் அந்தத் தீவுக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் பேசினோம். ஒரு வருடம் அவருக்கு முழங்கால் வலி, ஒரு வருடம் எனக்கு வீட்டில் கல்யாணம். இனி பேசுவதற்கும் இல்லை.

கருமாதிக்குப் போனபோது சங்கீதா பாதியாக இருந்தாள். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை என்று அவள் புருஷன் வாசலிலேயே என்னிடம் சொன்னார். படையல் முடிந்து பந்தி நடக்கும்போது உள் அறையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்களாச்சும் சொல்லுங்க சித்தி. நான் எழுப்பியிருக்கணும்ல?”

எனக்குச் சமாதானம் சொல்லத் தெரியாது. சொல்லவும் தெம்பில்லை. “தெரியலடி. ஒங்கம்மாவ ஒரே ஒரு தடவ நான் எழுப்புனேன். எனக்குத் திட்டுதான் கெடைச்சுது” என்றேன். பிறகு தீவுக் கதையை முழுவதும் சொன்னேன். அக்கா சொல்லக்கூடாது என்று சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். செருப்பு மிதந்து போனதற்கு அவள் சிரித்தாள். “திருப்பதில தொலச்சேன்னுல்ல எங்கிட்ட சொல்லுச்சு. நீங்க திருப்பதி பக்கமே போவல, அதக்கூட நான் யோசிக்கல” என்றாள். சிரிப்பு நின்றதும் என் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

“வாயத் தொறந்துக்கிட்டா தூங்குச்சு, அந்தப் பாறையில?”

“ஆமா. எச்சி ஒழுவ ஒழுவ.”

“அன்னிக்கும் தொறந்துதான் இருந்துச்சு சித்தி” என்றாள். “கையும் மடியில இல்ல. கீழ தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அம்மா அப்புடித் தூங்கி நான் பாத்ததே இல்ல. அதான் டீய கையில வச்சிக்கிட்டு நின்னேன். எழுப்ப மனசு வரல.”

சொல்லிவிட்டு அவள் என் மடியில் தலை வைத்தாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தபோது தூங்கியிருந்தாள். அம்மாவைப் போலவே வாய் லேசாகத் திறந்திருந்தது. வாசலில் பாத்திரம் கழுவும் சத்தம், சாலையில் லாரிச் சத்தம். எனக்கும் கண் சொருகியது. நான் தூங்கவில்லை. அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்த வேலைதான் என்று தோன்றியது. ஒருத்தி நிஜமாகவே தூங்கும்போது பக்கத்தில் ஒருத்தி விழித்திருக்க வேண்டும். அக்காவுக்கு அது ஒரு நாள் பாறைமேல் ஒரு கணம் கிடைத்தது, கடைசி நாளில் டீயோடு நின்ற மகளால் கொஞ்ச நேரம் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு யாரும் அந்தப் பெண்ணிடம் கேள்வி கேட்க வேண்டாம்.

பெண்ணாடத்துக்காரர்கள் கிளம்பும் நேரம். மாப்பிள்ளையின் பெரியப்பா கையில் துண்டோடு அறை வாசலில் வந்து நின்றார். “மருமவ கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவலாம்னு பாத்தேன். எழுப்புங்கம்மா” என்றார்.

“கொஞ்சம் இறுகட்டும் இருங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு சத்தம் வராமல் துண்டை விரித்து, வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.